புகைப்படங்களின் ஸனது

ஓர் அறிவிப்பு ஒருவரிடமிருந்து மற்றவருக்கு வந்து சேரும் வழிகளை ஹதீஸ் கலை அறிஞர்கள் எட்டாக வகுத்துள்ளனர். ஆசிரியரின் வாய்மொழியை நேரில் கேட்பது அவற்றுள் முதலாவது. எட்டாவதாகவும் இறுதியாகவும் வருவது ‘விஜாதா’. ஒருவர் எழுதிவைத்த ஏட்டை, அவரிடம் கேட்காமலும் அவரது அனுமதி பெறாமலும் பிற்காலத்தவர் கண்டெடுப்பதற்கு அந்தப் பெயர். இமாம் இப்னுஸ் ஸலாஹ் (மறைவு: ஹி. 643 / கி.பி. 1245) தமது ‘முகத்திமா’வில் இதற்கு ஓர் ஒழுங்கு சொல்கிறார். கண்டெடுத்தவர், இன்னார் எனக்கு அறிவித்தார் என்று சொல்லக் கூடாது. இன்னாரின் கையெழுத்தில் கண்டேன் என்றே சொல்ல வேண்டும். அது அவரது கையெழுத்துத்தானா என்பதில் உறுதி இல்லையெனில் சொல்லை இன்னும் ஒரு படி இறக்கி, இன்னாருடையதென எனக்கு எட்டியது என்று சொல்ல வேண்டும். அறிவு எந்த அளவோ சொல்லும் அந்த அளவே.

பழைய குடும்பங்களின் மரப்பீரோக்களிலும் தகரப் பெட்டிகளிலும் கிடக்கும் புகைப்படங்கள் ஒருவகை விஜாதா என்றே எனக்குத் தோன்றுகிறது. படத்தில் இருப்பவர் பேசுவதில்லை. எடுத்தவர் மறைந்துவிட்டார். பெட்டியைத் திறப்பவர் பேரனோ பேத்தியோ. அவர்கள் கையில் கிடைப்பது மத்ன் மட்டும். இது யார், எந்த ஊர், எந்த ஆண்டு, யார் சொல்லி இது தெரியவந்தது என்னும் ஸனது பெட்டிக்குள் இருப்பதில்லை. அது வீட்டு முதியவர்களின் நினைவில் இருக்கிறது. (நம் மத்ரஸாக்களில் ஸனது என்றால் பட்டமளிப்பு மேடையில் வாங்கும் சான்றிதழ் என்பதே மாணவர் வழக்கு. அந்தப் பொருளைச் சற்று ஒதுக்கிவைக்க வேண்டுகிறேன்.) அரபுலகில் இத்தகைய தொகுப்புகளைத் திரட்டவும் ஒழுங்குபடுத்தவும் நடந்த முயற்சிகளுள் சிலவற்றை எடுத்துக்கொண்டு, மத்னைக் காத்த அளவுக்கு அவை ஸனதையும் காத்தனவா என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். புகைப்படம் கூடுமா என்னும் மஸ்அலாவுக்குள் நான் புகவில்லை. எகிப்தின் முஃப்தியாக இருந்த ஷைகு முஹம்மத் பகீத் அல்முதீஈ (மறைவு: 1935) அதற்கெனத் தனி நூலே எழுதியுள்ளார். கூடாது என்று உறுதியாக இருந்த வீடுகளிலும் ஹஜ்ஜுப் பயணத்துக்கு எடுத்த பாஸ்போர்ட் படம் ஒன்றேனும் இருக்கும்.

ஸனது எவ்வாறு அறுபடும் என்பதற்கு மக்காவிலிருந்தே ஓர் உதாரணம் கிடைக்கிறது. டச்சு அறிஞர் ஸ்நூக் ஹுர்க்ரோன்யே 1884-85ஆம் ஆண்டுகளில் ஹிஜாஸில் தங்கினார். மக்காவில் அவருக்குத் துணைநின்றவர்களுள் ஒருவர் ஸெய்யித் அப்துல் கஃப்பார் என்னும் மருத்துவர். ஸ்நூக் வெளியேறிய பிறகு இம்மருத்துவர் எடுத்த புகைப்படங்கள் ஐரோப்பா சென்றன. படத்தின்மீதே அழகிய அரபு எழுத்தில், இது மக்காவின் தபீப் ஸெய்யித் அப்துல் கஃப்பாரின் புகைப்படம் என்று அவர் ஒப்பமிட்டிருந்தார். 1889இல் ஸ்நூக்கின் நூலில் அப்படங்கள் அச்சானபோது ஒப்பம் நீக்கப்பட்டிருந்தது. ஏறத்தாழ நூறாண்டு கழித்து, 1980களில், ஆய்வாளர்கள் மூலப்படங்களின் எழுத்தைப் படித்த பின்னரே அவருக்கு உரிய இடம் கிடைத்தது. தனக்குச் செய்தி தந்தவரை மறைத்து அறிவிப்பதை ஹதீஸ் கலையில் ‘தத்லீஸ்’ என்பர். அக்குற்றம் இன்றும் நடக்கிறது. ஆனால் இன்று தீய எண்ணத்தால் நடப்பதைவிட, படத்தைச் சுத்தம் செய்கிறோம் என்னும் நல்லெண்ணத்தால் நடப்பதே அதிகம்.

இனி ஜெரூஸலத்துக்கு வருவோம். வாஸிஃப் ஜவ்ஹரிய்யா 1897இல் அந்நகரின் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். ஊத் வாத்தியக் கலைஞர். ஆங்கிலேயர் ஆட்சியில் அரசு அலுவலர். அவருடைய தந்தை இஸ்லாமியச் சட்டத்தையும் குர்ஆனையும் நன்கறிந்த வழக்கறிஞர். கலீல் ஸகாகீனியின் பள்ளியில் பயின்ற வாஸிஃபுக்கும் குர்ஆனுடன் பழக்கம் இருந்தது. 1904 முதல் 1948 வரையிலான அவரது நினைவுக் குறிப்புகளை ஸலீம் தமாரி, இஸாம் நஸ்ஸார் ஆகிய இருவரும் பதிப்பித்து, ஃபலஸ்தீன் ஆய்வு நிறுவனம் 2003, 2005ஆம் ஆண்டுகளில் அரபியில் இரு தொகுதிகளாக வெளியிட்டது. அவற்றைப் படித்தவர்கள் பலர். அவர் சேர்த்துவைத்த புகைப்பட ஆல்பங்களைக் கவனித்தவர்கள் சிலரே.

அந்த ஆல்பங்கள் ஏழு. ஏறத்தாழ 900 படங்கள். அவற்றுக்கு அவர் இட்ட பெயர் ‘தாரீகு ஃபலஸ்தீன் அல்முஸவ்வர்’, அதாவது படங்களால் ஆன ஃபலஸ்தீன் வரலாறு. இவை அவர் எடுத்த படங்கள் அல்ல. நகரின் புகைப்படக்காரர்களிடமும் நண்பர்களிடமும் அவர் தேடிச் சேர்த்தவை. உஸ்மானிய ஆளுநர்கள், நகரப் பிரமுகர்கள், விழாக்கள், 1917இல் ஆங்கிலேயர் வருகை, அதன் பின் வந்த கிளர்ச்சிகள் என்று அடுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு படத்துக்கும் எண் இட்டு, அந்த எண்ணுக்குரிய விளக்கத்தைத் தனிக் குறிப்பேட்டில் எழுதினார் என்பதே என் பார்வையில் அவருடைய பெருஞ்செயல். படத்தின் மேல் எழுதிக் கெடுக்கவும் இல்லை. எழுதாமல் விட்டு ஊமையாக்கவும் இல்லை. இத்தனைக்கும் அவர் நூலகக் கலை பயின்றவரல்லர். மஜ்லிஸுகளில் கதை சொல்லியே பழகியவருக்கு, கதை இல்லாத படம் கையில் இருப்பது பொறுக்கவில்லை போலும்.

1917 டிசம்பர் 9ஆம் நாள் ஜெரூஸலம் சரணடைந்த படத்தை நம்மில் பலர் பார்த்திருக்கக் கூடும். அமெரிக்கக் காலனியைச் சேர்ந்த லூயிஸ் லார்ஸன் எடுத்தது. வெள்ளைக்கொடியுடன் ஒரு குழு. முன்னால் கைத்தடியுடன் நகரத் தலைவர் ஹுஸைன் அல்ஹுஸைனி. அருகே இரண்டு ஆங்கிலேயச் சிப்பாய்கள். போர் வரலாற்று நூல்களில் இது நானூறாண்டு உஸ்மானிய ஆட்சி முடிந்த தருணம். ஆனால் அச்சிப்பாய்கள் இருவரும் நகரைப் பிடிக்க வந்தவர்கள் அல்லர். வெளியே சென்ற இடத்தில் தற்செயலாக எதிர்ப்பட்ட சார்ஜண்டுகள். சரணாகதியை ஏற்கும் அதிகாரம் தமக்கில்லை என்று அவர்கள் மறுத்துவிட்டனர். நகரத் தலைவரோ சில வாரங்களில், 1918 ஜனவரியில், நோயுற்று மறைந்தார். ஜவ்ஹரிய்யாவுக்கு அவர் வரலாற்று மாந்தர் அல்லர். தம்மை ஆதரித்த புரவலர், தாம் போய்வந்த வீட்டின் தலைவர். ஒரே முகம், பேரரசின் ஆல்பத்தில் அது தோற்றவரின் முகம், நண்பரின் ஆல்பத்தில் அது மறைந்த ஆதரவாளரின் முகம். படம் எந்த வரிசையில் இருக்கிறது, எதற்கு அடுத்து வருகிறது என்பதும் ஸனதின் ஒரு பகுதி என்று நான் சொல்வது இதனால்தான்.

1948இல் ஜவ்ஹரிய்யா ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. வீட்டில் அவர் காட்சிக்கு வைத்திருந்த இசைக்கருவிகளும் அரும்பொருள்களும் போயின. ஆல்பங்களும் குறிப்பேடும் தப்பின. பிற்காலத்தில் பெய்ரூத்திலுள்ள ஃபலஸ்தீன் ஆய்வு நிறுவனத்தை அடைந்தன. நஸ்ஸார், தமாரி ஆகியோருடன் ஸ்டீவன் ஷீஹியும் சேர்ந்து 2022இல் வெளியிட்ட ‘கேமரா பலஸ்டீனா’ என்னும் ஆங்கில நூல் இவற்றை ஆராய்கிறது. படங்களைப் பிய்த்தெடுத்து வரலாற்று நூலுக்கு அலங்காரமாக ஒட்டாமல் ஆல்பத்தை ஆல்பமாகவே வாசித்தது அந்நூலின் சிறப்பு.

ஜவ்ஹரிய்யாவிடம் குறையே இல்லை என்று சொல்வதற்கில்லை. அவருடைய ஆல்பத்தில் பெயர் பெறுவோர் பெரும்பாலும் பதவியும் குடும்பப் பெருமையும் உடையோர். கூட்டத்தில் நிற்பவர்கள் கூட்டமாகவே நிற்கின்றனர். தாம் பிறப்பதற்கு முந்திய காலத்துப் படங்களைப் பற்றியும் கண்டவர்போலவே பேசுகிறார். அங்கே அவருடைய வார்த்தை ராவியின் வார்த்தை அல்ல, கேள்விப்பட்டவரின் வார்த்தை. ஹதீஸ் கலை மாணவன் ஒருவன் அவருடைய குறிப்பேட்டை எடுத்துக்கொண்டால், எண்களின் பக்கத்தில் ‘கண்டது’, ‘கேட்டது’ என்று இரண்டு அடையாளங்கள் இடுவதே அவனது முதல் வேலையாக இருக்கும்.

வலீத் காலிதியின் ‘கப்லஷ் ஷதாத்’ (1984) இதற்கு நேர்மாறான முறை. பல்லாயிரம் படங்களைப் பார்த்து, ஏறத்தாழ 500 படங்களைத் தெரிந்தெடுத்து, 1876 முதல் 1948 வரையிலான ஃபலஸ்தீன மக்களின் வாழ்வைக் காலவரிசையில் நிறுத்திய நூல் அது. இப்படி ஒரு மக்கள் இருந்ததே இல்லை என்று சொன்னவர்களுக்கு எதிரான சாட்சியம். சாட்சிக் கூண்டில் ஏற்றப்படும் படம் தன் வீட்டை விட்டு வரத்தான் வேண்டும். ஒரு வீட்டின் திருமணப் படம் அங்கே ஒரு சமூகத்தின் நாகரிகத்துக்குச் சான்றாகிறது. மணமகளின் தங்கை யார் என்பது அவ்வழக்குக்குத் தேவையில்லை. அந்தக் காலத்தின் அவசியம் அது. நூலை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் நம் வீட்டுப் படங்களை ஒழுங்குபடுத்த வருபவர்கள் அதையே மாதிரியாகக் கொண்டு ‘திருமணங்கள்’, ‘வணிகம்’, ‘உடைகள்’, ‘கட்டடங்கள்’ என்று பிரித்துவிடுகின்றனர். பிரித்த பிறகு பழைய வரிசையை மீட்க எவராலும் முடியாது.

இந்தச் சிக்கலை மிகக் கூர்மையாக உணர்ந்தவர் லெபனானின் அக்ரம் ஸஅதரி. 1997இல் பெய்ரூத்தில் அரபுப் பட நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவர். அரபு நாடுகளிலும் புலம்பெயர்ந்தோரிடமும் வீடுவீடாகச் சென்று படங்களைத் திரட்டிய நிறுவனம் அது. இன்று ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் அதனிடம் உள்ளன. குளிரூட்டிய அறை, அமிலமற்ற உறை, பட்டியல் எண் எனப் பாதுகாப்பின் இலக்கணம் அனைத்தும் அங்கே உண்டு. அதே ஸஅதரி பின்னாளில் கேட்ட கேள்வி அதிர்ச்சியளிப்பது: படத்தை அது இருந்த ஆல்பத்துக்கும், மாட்டியிருந்த படுக்கையறைச் சுவருக்கும் திருப்பி அனுப்பிவிடுவதே உண்மையான பாதுகாப்பாக இருக்கலாகாதா? தாளைக் காத்தோம், தாளோடு ஒட்டியிருந்த உறவைக் காத்தோமா என்பது அதன் பொருள்.

அவரை இந்த எண்ணத்துக்குக் கொண்டுவந்த அனுபவங்களுள் ஒன்று ஸைதா நகரின் ஹாஷிம் அல்மதனியுடைய ஸ்டூடியோவில் கிடைத்தது. 1950களில் ஒரு பெண் தன் கணவருக்குத் தெரியாமல் அங்கே வந்து படம் எடுத்துக்கொண்டாள். அறிந்த கணவர் வந்து நெகடிவ்களைக் கேட்டார். ஒரே சுருளில் பிறருடைய படங்களும் இருந்ததால் மதனி தர மறுத்தார். இறுதியில், கணவரின் கண்முன்பே அப்பெண்ணின் உருவத்தின்மேல் ஊசியால் கீறிவிடுவது என்று முடிவாயிற்று. சில ஆண்டுகளில் அந்தப் பெண் தீக்குளித்து மாண்டாள். கணவர் மீண்டும் ஸ்டூடியோவுக்கு வந்தார். கீறாத படம் ஏதேனும் எஞ்சியிருக்கிறதா, பெரிதாக்கித் தர இயலுமா என்று கேட்டார்.

இந்த நெகடிவ் இன்று ஒரு கணினிக் கலைஞரிடம் போனால் என்ன ஆகும்? அரை மணி நேரத்தில் கீறல்களை நீக்கி, முகத்தைத் துலக்கி, வண்ணமும் பூசித் தந்துவிடுவார். எல்லோரும் மாஷா அல்லாஹ் என்பார்கள். அந்தப் படத்தில் இருந்த ஒரே வரலாறு அந்தக் கீறல்தான். ஏட்டின் ஓரத்தில் உள்ள அடித்தலையும் திருத்தலையும் சுவடிப் பதிப்பாசிரியர் குறித்துவைப்பார், துடைத்துவிடமாட்டார். புகைப்படத்துக்கு மட்டும் வேறு நியாயம் எங்கிருந்து வந்தது?

ஸஅதரியின் யோசனையில் பாதியை ஏற்கிறேன். படத்துக்கு வீடு வேண்டும் என்பது சரி. வீடு பாதுகாப்பானது என்பது சரியல்ல. 2020 ஆகஸ்ட் 4ஆம் நாள் பெய்ரூத் துறைமுக வெடிப்பில் அரபுப் பட நிறுவனத்தின் கட்டடம் கடுமையாகச் சேதமுற்றது; சேகரம் பெரும்பாலும் தப்பியது. அந்தப் படங்களெல்லாம் அதே வட்டாரத்து வீடுகளின் கண்ணாடிச் சட்டங்களில் இருந்திருந்தால் தப்பியிருக்குமா என்று யோசிக்க வேண்டும்.

வீடும் நிறுவனமும் ஒருசேரக் கைவிட்ட இடம் காசா. அங்கே 1944இல் முதல் புகைப்பட ஸ்டூடியோவைத் திறந்தவர் கெகாம் ஜெகாலியான். ஆர்மீனியப் பேரழிவிலிருந்து குழந்தையாகத் தப்பியவர். காசாவையே ஊராகக் கொண்டு 1981இல் மறையும்வரை அங்கேயே இருந்தவர். குடும்பம் கெய்ரோவுக்குப் பெயர்ந்தது. 2018இல், கலைஞரான அவருடைய பேரன் (பாட்டனாரின் பெயரே அவருக்கும்) கெய்ரோவிலுள்ள தந்தை வீட்டு அலமாரியில் மூன்று சிவப்புப் பெட்டிகளைக் கண்டெடுத்தார். உள்ளே பாட்டனாரின் நெகடிவ்கள். விஜாதா என்னும் சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் அமைவது அரிது.

பேரன் 2021இல் கெய்ரோவில் அவற்றைக் காட்சிப்படுத்தினார். கடற்கரை உலாக்கள், பள்ளி விழாக்கள், குடும்பங்கள், அகதி முகாம்கள், படைவீரர்கள். படங்களுக்குக் கீழே ஆண்டோ இடமோ பெயரோ இல்லை. தமக்குத் தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதமாட்டேன், துண்டுபட்ட சேகரத்தைத் துண்டுபட்டதாகவே காட்டுவேன் என்பது அவருடைய நிலைப்பாடு. காசாவிலேயே எஞ்சியிருந்த பெரும்பகுதியைப் பாட்டனாரின் உதவியாளருடைய குடும்பத்தவர் ஒருவர் காத்துவந்தார். பேரனால் அங்கே போக முடியவில்லை. இணையவழி உரையாடலில் அவர் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டிய படங்களைத் திரையிலிருந்தே பிடித்து, மங்கிய அந்த உருவங்களையும் கண்காட்சியில் சேர்த்தார்.

இந்த அடக்கத்தை மதிக்கிறேன். யூகித்து எழுதும் படக்குறிப்பைவிட வெற்றிடம் மேல். இட்டுக்கட்டப்பட்ட ஸனதைவிட ஸனது இல்லாமை நேர்மையானது. ஆயினும் இந்த முறையோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. ‘தெரியவில்லை’ என்பது வேறு, ‘சொல்லவில்லை’ என்பது வேறு. நம் முன்னோர் அறியப்படாத ராவியைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடவில்லை. ‘மஜ்ஹூல்’ என்று பெயரிட்டுப் பதிந்தார்கள். அதிலும் ஆளே யாரென்று தெரியாதவர், ஆள் தெரிந்து நிலை தெரியாதவர் என்று வகை பிரித்தார்கள். அப்படிப் பதிந்ததால்தான், பின்னால் வந்த ஒருவர் வேறொரு வழியில் அவரை அடையாளம் காண முடிந்தது. படத்தின் கீழே, பெயர் தெரியவில்லை, இன்ன பெட்டியில் இத்தனையாவதாக இருந்தது, இன்னாரிடம் காட்டினோம், அவருக்கும் தெரியவில்லை என்று எழுதுவதும் ஓர் அறிவுதான். கலைக்கண்காட்சியின் சுவரில் இதற்கு இடமில்லாமல் இருக்கலாம். குறிப்பேட்டில் இடம் உண்டு.

இது வெறும் முறையியல் தர்க்கமன்று. 2023 அக்டோபர் 19ஆம் நாள் காசாவின் புனித போர்ஃபிரியஸ் தேவாலயத்தின்மீது நடந்த தாக்குதலில், அங்கே தஞ்சம் புகுந்திருந்தவர்களோடு அந்தக் காப்பாளரும் கொல்லப்பட்டார். திரையில் தூக்கிக் காட்டிய ஒவ்வொரு படத்துக்கும், இது இன்னார் வீடு, இது இன்ன தெரு என்று சொல்லக்கூடியவர் அவர். அந்தப் படங்கள் இனி எந்த வடிவில் கிடைத்தாலும் அவர் வழியாக வந்த ஸனது கிடைக்கப்போவதில்லை.

நம் ஊர்களில் குண்டு விழவில்லை. ஆனால் காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர், அதிராம்பட்டினம் போன்ற ஊர்களில் கொழும்பிலும் பினாங்கிலும் இரங்கூனிலும் வணிகம் செய்த குடும்பங்களின் பெட்டிகளை அறிந்தவர்கள், அங்கேயும் இதே அறுபடல் ஓசையின்றி நடப்பதை அறிவார்கள். படம் ஒட்டிய அட்டையின் அடியில் ஸ்டூடியோவின் பெயரும் நகரமும் புடைப்பெழுத்தில் இருக்கும். சட்டம் மாற்றும் கடைக்காரர் அளவுக்காக அந்த அட்டையை வெட்டி எறிந்துவிடுவார். பின்புறம் அரபுத் தமிழில் இரண்டு வரி இருக்கும். ஸ்கேன் செய்பவர் முன்புறத்தை மட்டும் எடுத்துக்கொண்டு திருப்பித் தருவார். அரபுத் தமிழ் படிக்கத் தெரிந்த கடைசி உம்மும்மாவிடம் அதைக் காட்ட வேண்டும் என்று எவருக்கும் தோன்றாது.

இன்னொரு சிக்கல் நமக்கே உரியது. பாட்டனாரின் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கத்தால் ஒரே குடும்பத்தில் ஒரே பெயர் மூன்று தலைமுறையில் வரும். பெரிய தம்பியின் வீட்டிலும் சின்னத் தம்பியின் வீட்டிலும் அதே பெயர் இருக்கும். ‘முஹம்மது இஸ்மாயீல், கொழும்பு’ என்று பின்புறம் எழுதியிருப்பதைக் கண்டு எல்லாம் தெரிந்துவிட்டதாக மகிழ்வது தவறு. பெயரொன்று, ஆள் வேறு என்னும் இந்தச் சிக்கலுக்காகவே கதீபுல் பக்தாதி (மறைவு: ஹி. 463 / கி.பி. 1071) ‘அல்முத்தஃபிக் வல்முஃப்தரிக்’ என்று ஒரு நூலைத் தனியே எழுதினார். படத்தில் இருப்பவரைப் பெயரால் மட்டும் குறிக்காமல், இன்னாரின் மகன், இன்னாரின் தந்தை, இன்ன வீட்டில் மணம் முடித்தவர் என்று நஸபோடு குறிக்க வேண்டும். அதைச் சொன்னவர் யார், எந்த நாளில் சொன்னார், படத்தில் இருப்பவரை அவர் நேரில் கண்டவரா என்பதையும் சேர்க்க வேண்டும். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுத வேண்டும். ஒருவரைத் திருப்திப்படுத்த மற்றவரின் கூற்றை அடித்துவிடக் கூடாது. மூன்றாமவர் ஒருவர் வந்து தீர்க்கட்டும்.

பொருளைப் பேணும் வகையிலும் சில சொல்ல வேண்டியிருக்கிறது. பெட்டியைத் திறந்தவுடன் படங்களைப் பிரிக்காமல் இருந்த நிலையிலேயே ஒருமுறை படம்பிடித்து, வரிசைப்படி எண் குறித்துக்கொள்ள வேண்டும். எண்ணை மென்மையான பென்சிலால் பின்புற ஓரத்தில் எழுதலாம். பந்துமுனைப் பேனா கூடாது. 1970களிலிருந்து நம் வீடுகளில் புகுந்த, பசைத்தாளும் பிளாஸ்டிக் மூடியும் கொண்ட ஆல்பங்கள் படங்களுக்குப் பகை. வலிந்து பிய்த்தால் படம் கிழியும். ஒட்டிப்போனவற்றை அப்படியே முழுப் பக்கமாக நகலெடுத்துக்கொள்வது நல்லது. பழைய ஃபிலிம் பெட்டியில் காடி நெடி அடித்தால் அசெட்டேட் ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதிலிருந்து கிளம்பும் அமில ஆவி அடுத்திருக்கும் ஃபிலிமையும் கெடுக்கும். உடனே பிரித்துவைத்து, முதலில் அதை நகலெடுக்க வேண்டும். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் பூஞ்சைதான் முதல் எதிரி. வெளிச்சுவரை ஒட்டிய பீரோவைவிட வீட்டின் நடுவறை மேல். பி.வி.சி. உறைகளைத் தவிர்த்து, அமிலமற்ற காகித உறைகளைப் பயன்படுத்த வேண்டும்.

நகலெடுத்தாகிவிட்டது, இனிக் கவலையில்லை என்று இருப்போரும் உண்டு. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அருகிவரும் ஆவணங்களுக்கான திட்டத்தின் துணையோடு தமிழகத்து ஸ்டூடியோப் படங்களைத் திரட்டி மின்னுருவாக்கியது மிகப் பயனுள்ள பணி. எனினும் 2023 அக்டோபரில் அந்த நூலகத்தின் கணினிகள்மீது நடந்த தாக்குதலால் அதன் இணையச் சேகரங்கள் பல மாதங்கள் எவருக்கும் கிட்டாமற் போயின. அசலைக் கைவிடலாகாது என்பதற்கு அது ஒன்றே போதும்.

திரட்டுபவர்கள் பெரும்பாலும் பேசாத செய்தி ஒன்று உண்டு. எல்லாப் படமும் எல்லோருக்கும் உரியதல்ல. நம் வீட்டுப் பெண்கள் மஹ்ரமானவர் பார்ப்பதற்காக, சில சமயம் கடல்கடந்து இருந்த கணவருக்கு அனுப்புவதற்காக, எடுத்துக்கொண்ட படங்கள் பெட்டிகளில் உள்ளன. அவர்கள் மறைந்துவிட்டதால் அந்த எல்லை மறைந்துவிடுவதில்லை. அதை ஸ்கேன் செய்து குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுபவர், இருநூறு பேரிடம் அமானத்தைத் திறந்துகாட்டுகிறார் என்பதை உணர்வதில்லை. ஆய்வு நிறுவனங்களோ எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றுவதையே அறிவுச் சேவை என்கின்றன. தொகுப்பில் ஒரு பகுதி மூடியதாக இருக்கலாம். பட்டியலில் எண் இருக்கட்டும், விவரம் இருக்கட்டும், உருவம் மட்டும் குடும்பத்தின் அனுமதியோடு திறக்கட்டும். இதை ஏற்காத நிறுவனத்திடம் அப்பகுதியை ஒப்படைக்காமல் இருப்பது பிற்போக்குத்தனம் ஆகாது.

இவ்வளவும் செய்த பிறகும் தொகுப்பு எதனால் அழிகிறது என்றால், பெரும்பாலும் பூஞ்சையால் அல்ல, பாகப்பிரிவினையால். வீட்டுப் பெரியவர் மறைந்ததும் ஆளுக்கொரு ஆல்பம் போகும். குறிப்பேடு ஒருவரிடம், படங்கள் இன்னொருவரிடம். மத்னும் ஸனதும் சட்டப்படியே பிரிந்துவிடும். இதற்கு ஜெரூஸலத்திலேயே ஒரு விடை இருக்கிறது. 1900இல் ஹாஜி ராகிப் அல்காலிதி, தம் தாயார் கதீஜா அம்மையாரின் மரணசாசனப் பணத்தைக் கொண்டு, குடும்பத்தின் நூல்களையும் சுவடிகளையும் பாபுஸ் ஸில்ஸிலா தெருவில் ஓர் இடத்தில் சேர்த்துக் குடும்ப வக்ஃபாக்கித் திறந்த காலிதிய்யா நூலகம் அது. எத்தனையோ ஆட்சிகள் மாறின. பக்கத்துக் கட்டடங்கள் கைமாறின. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுவடிகள் இன்றும் அங்கே ஒன்றாக இருக்கின்றன. வாரிசுகளுள் எவருக்கும் தன் பங்கைப் பிரித்து விற்கும் உரிமை இல்லாமல் போனது அதற்குப் பெருங்காரணம்.

புகைப்படத் தொகுப்பையும் இவ்வாறு வக்ஃப் செய்ய இயலுமா? அசையும் பொருளை வக்ஃப் செய்வது பற்றி ஹனஃபி மத்ஹபில் கருத்து வேறுபாடு உண்டு. எனினும் மக்கள் வழக்கில் உள்ள பொருள்களில் இமாம் முஹம்மத் அஷ்ஷைபானி (ரஹ்) அவர்கள் அதை அனுமதித்தார்கள். முஸ்ஹஃபும் நூல்களும் அப்படித்தான் பள்ளிவாசல்களுக்கு வந்தன. ஷாஃபிஈ மத்ஹபில், பயன்படுத்தும்போது பொருள் தீர்ந்துவிடாமல் எஞ்சுமாயின் கூடும். உணவு கூடாது, கால்நடை கூடும். என்றென்றும் நிலைக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. காடி நெடி அடிக்கும் ஃபிலிமுக்கும் இந்த விதியில் இடமிருக்கிறது. பட்டியல், குறிப்பேடு, மூடிய பகுதியின் எண்கள், முதவல்லி யார், அவருக்குப் பின் யார் என்று இரண்டு பக்கத்தில் ஒரு சாசனம் எழுதிவிடலாம். படங்களில் இருப்பவர்களின் பெயரும் உறவும் பெரும்பாலான வீடுகளில் பெண்களுக்கே தெரியும். முதல் முதவல்லியாக அவர்களுள் ஒருவரை எழுதுவதற்கு ஃபிக்ஹில் தடையேதும் இல்லை.